டிக்கியில் இருந்த பெட்டி

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதில் ஏதோ பசை கொட்டியிருக்கிறது. போன தடவை நான் உட்கார்ந்து எழுந்தபோது புடவையோடு நாற்காலியும் கூடவே வந்தது. சீ. காருக்கு அலங்காரம் செய்கிற கடையாம். அந்த மூலையைப் பாருங்கள், டீ டம்ளரில் எறும்பு. அதற்குப் பக்கத்திலேயே வாசனை பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறான். எறும்புக்கு வாசனை காட்டுகிறானோ என்னவோ.

நீங்கள் எதற்கு வந்தீர்கள்? சீட் கவரா? புது வண்டியா? நல்லது. சீட் கவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அக்கா, பாட்டுக்கு லைட்டா ஒரு பேஸ் வெச்சுக்கலாங்க்கா, சும்மா கும்முன்னு இருக்கும்" என்று அந்த நவ்ஷாத் வந்து குழைவான். கடை முதலாளி. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான். தலையை ஆட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் வருஷம் முடிவதற்குள் மூன்றாவது தடவையாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதோ, அந்தக் கார்தான். டிக்கியைத் திறந்து போட்டு ஆள் குனிந்திருக்கிறான் பாருங்கள். பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர், ஈஸ்வரமூர்த்தி. பார்த்தால் சாதுவாகத்தான் இருப்பார். எல்லோரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். கணபதி ஏரியாவில் இரும்பைக் காய்ச்சி மெஷின் சம்மட்டியில் அடிக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே ஷெட்தான். ஒரு தடவை டிபன் பாக்ஸை மறந்துவிட்டாரென்று கொண்டுபோனேன். அந்தச் சம்மட்டி விழுந்த வேகத்தில் என் கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி தானாகத் துள்ளியது. "எப்படிங்க இதுக்குள்ள இருக்கீங்க?" என்றேன். "பழகிருச்சும்மா" என்றார். நாள் பூராவும் அந்த இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிற மனுஷன் சாயங்காலம் அமைதியைத் தேடுவாரா, இன்னும் இரைச்சலைத் தேடுவாரா? நீங்களே சொல்லுங்கள்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் எங்கள் சிஸ்டர் பெர்னதெத் மறுபடி வாசலிலிருந்து நடந்து வரச் சொல்வார். பெண்பிள்ளையின் குரல் மேஜையைத் தாண்டக் கூடாது என்பார். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. என் குரல் பக்கத்து அறைக்குக்கூடப் போகாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கீதாமணி கத்தி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று. அதேபோல, ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வேன். இரண்டாவது தடவை சொல்கிற வழக்கம் எனக்கில்லை. ஒரு தடவைதான். மறுபடியும் சொல்கிறேன், ஒரு தடவைதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த காரைக் கேளுங்கள். டிக்கி முழுக்க ஒரு மரப்பெட்டி. அதன் முகத்தில் குண்டான் மூடி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர், அதற்குப் பக்கத்தில் கை நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை. சப்வூஃபராம். காய்கறிப் பை வைக்க இடமில்லை. மடியில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பாட்டுப் போட்டால் அது பாட்டா? வயிற்றுக்குள் யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்கும். கழுத்திலிருக்கிற தாலிக்கொடி தனியாக ஆடும். சிக்னலில் நின்றால் பக்கத்தில் பைக்கில் இருக்கிற காலேஜ் பசங்கள் இவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இவரும் பதிலுக்குக் காட்டுகிறார்! தலையில் பாதி முடி இல்லை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது. சீ, சொல்லவே கூசுகிறது.

முன்னால் இப்படி இல்லை. பழைய பாட்டுக்களை மெல்ல வைத்துக் கேட்டுக்கொண்டு, கூடவே முனகிக்கொண்டு ஓட்டுவார். நடுவில் வயலின் வந்தால், "இதைக் கேளு கீதா, இதைக் கேளு" என்பார். இப்போது வயலினாவது ஒன்றாவது. "ஏனுங்க, அந்தப் பழைய பாட்டெல்லாம் எங்க போச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதாம்மா இப்பப் பாட்டு மாதிரி இருக்குது. முதுகுல வந்து தட்டுது பாரு" என்கிறார். முதுகில் தட்டுவதற்குப் பாட்டு எதற்கு? நான் தட்டமாட்டேனா?

முதல் தடவை இரண்டே மாதத்தில் கிழிந்தது. பெட்டிக்குள் பல்லி மாட்டிக்கொண்ட மாதிரி கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இங்கே கொண்டுவந்தோம். நவ்ஷாத் கழற்றிக் காட்டினான். அந்த ஸ்பீக்கர் நடுவில் கூம்பு மாதிரி இருக்கிறதே, கோனாம், அது முன்னும் பின்னும் போய்வந்தால்தான் சத்தமாம். அது இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று ஒரு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டித் தள்ளினால் சுற்றியிருக்கிற ரப்பர் கிழியும், அல்லது பின்னால் இருக்கிற கம்பிச்சுருள் போய் இரும்பில் முட்டும். "சார் பேஸ் பூஸ்ட்டையும் ஃபுல்லா வெச்சு, கெய்னையும் ஃபுல்லா வெச்சிருக்காருங்க்கா. எந்தக் கோன் தாங்கும்?" என்றான். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும், புரிந்துவிடும். கவனித்துக் கேட்கிற புத்தி எனக்கு உண்டு. இவருக்குத்தான் கிடையாது. நவ்ஷாத் சொல்லச் சொல்ல இவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

சரி, மாற்றிப் போட்டான். சத்தம் கூட்டுகிற குமிழில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தான், இதைத் தாண்டித் திருகக் கூடாது என்று. இவர் தாண்டவில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், அந்தப் புள்ளி வரை வைப்பார், தாண்டமாட்டார். அப்படியும் இரண்டாவது தடவை கிழிந்தது. மறுபடி இங்கே.

அன்றைக்குத்தான் நவ்ஷாத் இன்னொரு கதை சொன்னான். இப்போது வருகிற பாட்டுக்களில் மனுஷக் காதுக்கே எட்டாத அடிச்சத்தம் ஒன்று இருக்குமாம். நமக்குக் கேட்காது. ஆனால் கோனைப் பிடித்து உலுக்குவது அதுதானாம். ஓட்டை வைத்த பெட்டியில் அந்தச் சத்தம் வந்தால் உள்ளேயிருக்கிற காற்று கோனைத் தாங்காது, கோன் இஷ்டத்துக்கு எகிறும். "கேக்கற சத்தம் ஒண்ணும் பண்ணாதுங்க்கா. கேக்காத சத்தம்தான் கிழிச்சுப் போடும்" என்றான். கேட்காத சத்தத்தை எந்த மடையன் பாட்டில் வைக்கிறான் என்று கேட்டேன். சிரிக்கிறான். அந்தச் சத்தத்தை வடிகட்ட ஃபில்டர் என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதைப் போட்டுவிட்டேன் என்றான். அப்புறம் ஒன்று முக்கியம், எப்போதாவது உள்ளேயிருந்து டக் டக் என்று முட்டுகிற சத்தம் கேட்டால் உடனே குறைத்துவிட வேண்டும், ஒரு நிமிஷம்கூட ஓட விடக் கூடாது என்றான். இன்னும் ஏதோ ஆரம்பித்தான், பெட்டிக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று. நான் எழுந்துவிட்டேன். அன்றைக்குத்தானே அந்தப் பசை. புடவையைக் கழுவப் போய்விட்டேன். மிச்சத்தை இவருக்குக் கையைக் காலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

போனை வையுங்கள், சீட் கவர் எங்கேயும் ஓடிவிடாது.

இவருடைய அழும்பு காரோடு நின்றாலும் பரவாயில்லை. வீட்டிலும்தான். குக்கருக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அது விசில் மேல் விசிலாக அடித்துப் பருப்பு கூழாகிவிடும், எழுந்து அணைக்கமாட்டார். கைக்கு வலிக்குமாம் போல. டிவியில் தமிழ்ப் படத்துக்கே கீழே எழுத்து ஓட வேண்டும். பெங்களூரிலிருந்து எங்கள் பெண் சௌமியா கூப்பிடுவாள். இவர் போனை எடுப்பார், "கண்ணு, இரு, அம்மாகிட்டப் பேசு" என்று என் கையில் திணித்துவிடுவார். பெற்ற பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினால் கிரீடம் இறங்கிவிடுமா? நான் வைத்ததும் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, "என்ன சொன்னா? சாப்பிட்டாளாமா? எப்ப வர்றாளாமா?" என்று ஒன்று விடாமல் கேட்பார். கேட்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வாயையே. கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. இந்த வயதில் என்ன புது ரசனை? எனக்குக் கூச்சமாகப் போய்விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வேன். உடனே, "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு கீதா" என்கிறார். வெட்கம் கெட்ட மனுஷன்.

என்ன கேட்டீர்கள்? காதா? காது டெஸ்ட்டா? அட, நீங்கள் வேறு. எங்கள் சௌமியாவும் இதைத்தான் சொன்னாள், அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போ என்று. அவருக்குக் காது கேட்காதா! அவர் அக்காவைப் பற்றி எதிரில் உட்கார்ந்து உதட்டுக்குள் முணுமுணுத்துப் பாருங்கள், சத்தமே வராமல், முகம் எப்படிச் சிவக்கிறது என்று. அப்படிப்பட்ட காது. சமையலறையிலிருந்து சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் கேட்காது. ஊரில் எல்லா ஆண்பிள்ளைக்கும் இருக்கிற வியாதிதான். இதற்கு டாக்டர் எதற்கு?

எங்கே விட்டேன்? ஆயுத பூஜை. பூஜைக்குக் காரை நான்தான் சுத்தம் செய்தேன். இவர் வெளியே தண்ணீர் ஊற்றித் துடைப்பார், அத்தோடு சரி. உள்ளே, டிக்கி, மிதியடி, எல்லாம் நான்தான். சுத்தம் என்றால் எனக்கு முழுச் சுத்தம், அரைகுறை வேலை கிடையாது. அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். ஓட்டைக்குள் துணியை விட்டால் கையில் மெத்தென்று ஏதோ தட்டுகிறது. கறுப்பாக. செத்த எலி என்றுதான் நினைத்தேன். அலறிவிட்டேன், அலறல் என்றால் என் அளவுக்கு. குறடு வைத்து இழுத்தால் ஒரு பஞ்சு. கெட்டியாகச் சுருட்டி அடைத்திருக்கிறது, தூசியும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு. சீ, சீ, சீ. கடைக்காரன் வேலை முடித்ததும் கை துடைத்த பஞ்சை உள்ளேயே திணித்துவிட்டுப் போயிருக்கிறான் பாருங்கள். குப்பை வண்டியில் போட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவினேன். அப்புறம் அந்த ஓட்டையைச் சுற்றி அழகாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். பிடிக்காத பொருளானாலும் பூஜை என்றால் பூஜைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அக்கா வீட்டு விசேஷம், பொள்ளாச்சியில். கிளம்பினோம். ஏதோ ஒரு புதுப் பாட்டு. குமிழ் அந்த வெள்ளைப் புள்ளியில்தான் இருக்கிறது. ஒத்தக்கால் மண்டபம் தாண்டினதும் பின்னாலிருந்து டக், டக், டக். எனக்குப் பளிச்சென்று நினைவு வந்துவிட்டது, நவ்ஷாத் சொன்னானே, முட்டுகிற சத்தம். சொன்னேன். "முட்டுதுங்க, கொறைங்க" என்றேன். ஒரு தடவை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்று தலையாட்டினார். குறைத்தாரா? குறைக்கவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக ஓட்டுகிறார். டக், டக், டக். செத்தவனையும் எழுப்புகிற சத்தம். எனக்கு வந்த வெறுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய பெட்டி, அவருடைய பிடிவாதம், கிழியட்டும். கிணத்துக்கடவு வருவதற்குள் கருகல் நாற்றம். அப்புறம் சத்தமே இல்லை.

வண்டியை ஓரங்கட்டினார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? டிக்கியைத் திறந்து, அந்த ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. நடுரோட்டில், பட்டு வேட்டியோடு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த அக்கறையில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் நான் எவ்வளவோ நன்றாக இருந்திருப்பேன். விசேஷ வீட்டில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் எது கேட்டாலும் ஒரு சிரிப்பு. அவர் அக்கா என்னிடம் வந்து, "ஏங்கண்ணு, தம்பிக்கு ஏதாச்சும் மனசு சரியில்லையா?" என்கிறாள். பழி யார்மேல் வருகிறது பாருங்கள். திரும்பி வரும்போது பாட்டு கிடையாது. நிம்மதியாக வந்தேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "வண்டி ஓடற மாதிரியே இல்லை கீதா" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ரிப்பேர் கிடையாது. கழற்றி எறிய வேண்டியதுதான்.

இன்றைக்கு நவ்ஷாத் பெட்டியைத் திறந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. "சார், ஓட்டைல ஒரு பஞ்சு வெச்சிருந்தேனே, எங்க சார்? கோன் எகிறாம இருக்கறதுக்குத்தானே அதை அடைச்சேன். ஓட்டையை அடைச்சாத்தான் உள்ள காத்து கோனைப் பிடிச்சு நிறுத்தும். அதை எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டான்.

இவர் அவனைப் பார்த்தார். அவன் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டு பேசுகிறான். "ஆமாம்ப்பா, ஆமாம்" என்று தலையாட்டினார்.

கேட்டீர்களா? அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் எடுத்தது ஏதோ அழுக்குப் பஞ்சு. இவன் வைத்தது நல்ல பஞ்சாக இருந்திருக்கும். அப்படியே அதுதான் இதுவென்றாலும், முக்கியமான சாமானை யாராவது செத்த எலி மாதிரி அடைத்து வைப்பார்களா? மேலே ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கலாம் இல்லையா? என்ன சிரிப்பு? நான் சொல்வது நியாயமா இல்லையா?

"புதுசா மூடின பெட்டியே போட்டுத் தர்றேங்க்கா, ஓட்டையே இருக்காது, கோன் அடக்கமா இருக்கும்" என்று ஆரம்பித்தான் நவ்ஷாத். பேச்சை வெட்டினேன். "ஒரு பெட்டியும் வேண்டாம். இதைக் கழற்றி எடு. கதவில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் போதும்" என்றேன். "சாரைக் கேட்டுக்கறேங்க்கா" என்றான். "கேள்" என்றேன். போன் ஒரு காதில், வாய் ஒரு பக்கம், "சார், கழட்டிறலாங்களா?" என்றான். இவர் தலையாட்டினார். நல்ல பிள்ளையாக. எனக்கே ஆச்சரியம்தான், இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாரென்று நினைக்கவில்லை.

இருங்கள், எடுத்துவிட்டார்கள். அப்பாடா. பாருங்கள், அதற்குள் எவ்வளவு குப்பை. டிக்கி எவ்வளவு பெரிதாக இருக்கிறது பாருங்கள், ஒரு மாதக் காய்கறி வைக்கலாம்.

இதோ வருகிறார். சொல்லுங்க.

"கீதா, திரும்பி மாட்டும்போது அந்தப் பஞ்சை மறக்காம வைக்கச் சொல்லு. அது இல்லாமத்தான் போச்சு போலிருக்குது. நான் பாக்காம விட்டுட்டேன்."

கேட்டீர்களா? கேட்டீர்களா இந்தப் பேச்சை? கழற்றச் சொன்னதற்குத் தலையாட்டியாகிவிட்டது, இப்போது திரும்பி மாட்டும்போதாம். உங்களிடம் நல்லவர் வேஷம் போடுகிறார், அவ்வளவுதான். ஏனுங்க, ஒண்ணுமில்லைங்க, நீங்க போய் வண்டியில உட்காருங்க. வண்டியில். போகிறார் பாருங்கள், நான் கை காட்டிய பக்கத்தைப் பார்த்துவிட்டு.

நவ்ஷாத், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஒரு பாட்டுப் போடு, பார்க்கலாம். பழைய பாட்டாகப் போடு. ஆ, எவ்வளவு நன்றாக இருக்கிறது! இதல்லவா பாட்டு. மென்மையாக, கண்ணியமாக. இதோ வயலின் வருகிறது, கேளுங்கள். அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. என் குரலை அமுக்காத சத்தம், உங்களோடு நான் பேசிக்கொண்டே கேட்கலாம்.

என்ன செய்கிறார் பாருங்கள். சீட்டில் சாய்ந்து முதுகை அழுத்திக்கொள்கிறார். டாஷ்போர்டில் கை வைக்கிறார். இப்போது கதவில். எதைத் தடவுகிறார்? என்னங்க?

"பாட்டுப் போட்டாச்சா?"

ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை, காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பாட்டை, போட்டாச்சா என்கிறார். எவ்வளவு நடிப்பு! எல்லாம் அந்தப் பெட்டி போன கோபம். நவ்ஷாத், நீ ஏன் போனைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்க்கிறாய்? பார்த்தால் நடிப்பு இன்னும் கூடும். நீங்களும் ஏன் எழுந்து நின்றுவிட்டீர்கள்? உட்காருங்கள்.

என்னைத்தான் பார்க்கிறார். என் வாயைத்தான். பார்க்கட்டும், நான் பதில் சொல்லப் போவதில்லை. எல்லோர் முன்னாலும் கத்துகிற வழக்கம் எனக்கில்லை.

சரி, நான் கிளம்புகிறேன். வீடு போய்ச் சேர அரைமணி ஆகும், அவரிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு வருஷமாக அந்தப் பெட்டி போட்ட சத்தத்தில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. இனிமேல் அந்தக் கவலையில்லை. நான் மெல்லப் பேசினாலே போதும், ஒன்று விடாமல் கேட்கும்.